கேள்வி கேட்ட நகரம்

(பயணக் கட்டுரை)

நுழையும் முன்

புதிய ஊருக்குச் செல்லும்போது அங்குள்ள கட்டடங்களையும் காட்சிகளையும் கண்டு மகிழ்கிறோம். அந்த ஊர் தனக்கு நேர்ந்த துன்பத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை அறியும்போது, பயணம் ஒரு பாடமாகவும் ஆகிறது. ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் குன்றுகளின்மேல் அமைந்துள்ள லிஸ்பன் நகரில் ஒரு தாயும் மகளும் கழித்த இரண்டு நாள்களின் அனுபவமே இப்பாடம்.

1. குன்றுகளின் நகரம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், கருத்தரங்கு ஒன்றில் பங்கேற்க லிஸ்பன் நகருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கோடை விடுமுறையில் இருந்த என் மகளும் உடன் வந்தாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தாள். கருத்தரங்கு முடிந்தபின் ஊரைச் சுற்றிப் பார்க்க எங்களுக்கு இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன.

லிஸ்பன், போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகர். தேஜோ ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் இடத்திற்கு அருகே, ஆற்றின் வடகரையில் அமைந்துள்ளது. 'ஏழு குன்றுகளின் நகரம்' என்று அதனைக் கூறுவர். அப்பெயரின் பொருளை எங்கள் கால்கள் முதல் நாளிலேயே உணர்ந்துகொண்டன. வரைபடத்தில் மிக அருகில் தெரிந்த தெரு, நேரில் நூறு படிகளுக்கு மேலே இருந்தது. ஏறி முடித்து மூச்சு வாங்கினால், எதிரே மீண்டும் ஓர் இறக்கம் காத்திருந்தது.

ஏற முடியாதவர்களுக்காக மஞ்சள் நிற டிராம் வண்டிகள் ஓடுகின்றன. இந்நகரில் மின்சார டிராம் 1901ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. நம் கொல்கத்தாவில் அது ஓடத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் நாங்கள் ஏறினோம். ஒற்றைப் பெட்டி, மர இருக்கைகள், பித்தளைக் கைப்பிடிகள். நீண்ட புதிய வண்டிகள் திரும்ப இயலாத அளவுக்குத் தெருக்கள் குறுகியும் வளைந்தும் இருப்பதால், இந்தச் சிறிய பழைய வண்டிகளே இன்றும் அங்கு ஓடுகின்றன. வண்டி முனகிக்கொண்டே மேட்டில் ஏறியது. வீட்டுச் சுவர்கள் கைக்கு எட்டும் தொலைவில் நகர்ந்தன. மாடி முகப்புகளில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன, பூந்தொட்டிகள் அசைந்தன.

2. பாட்டி பேசிய தமிழ்

அல்ஃபாமா என்னும் பழைய குடியிருப்பில் ஒரு வீட்டின் மாடி அறை எங்களுக்குக் கிடைத்தது. அல்ஃபாமா என்பது அரபு மொழியிலிருந்து வந்த பெயர். வெந்நீர் ஊற்றைக் குறிப்பது. எட்டாம் நூற்றாண்டு முதல் இந்நகர் முஸ்லிம் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. 1147ஆம் ஆண்டு, போர்ச்சுக்கலின் முதல் மன்னர் அபோன்சு என்ரிக்கே இதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். குன்றின் உச்சியில் நிற்கும் சாவோ ஜார்ஜ் கோட்டை அந்தப் போரைக் கண்ட கோட்டையாகும்.

வீட்டுக்கு உரிமையான மூதாட்டிக்கு ஆங்கிலம் சில சொற்களே தெரியும். ஆகவே அவர் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டித் தம் மொழியிலேயே விளக்கினார். கதவின் திறவுகோலை என் கையில் வைத்து, "ஷாவி" என்றார். தெருப்பக்கம் இருந்த கதவுகளைத் திறந்து, "ஜனேலா" என்றார். உணவு உண்ணும் இடத்தைத் தட்டி, "மேசா" என்றார். துணி வைக்கும் மரப்பேழையைத் திறந்து, "அர்மாரியோ" என்றார்.

என் மகளின் கண்கள் விரிந்தன. "அம்மா, இந்தப் பாட்டி தமிழ் பேசுகிறாரே!" என்று என் காதருகே சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாட்டி தமிழ் பேசவில்லை அம்மா. நாம்தான் இத்தனை காலமாகப் பாட்டியின் சொற்களைப் பேசி வருகிறோம்" என்றேன்.

1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்தன. அதன்பின் போர்ச்சுக்கீசியர் நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் தங்கினர். வணிகம் செய்தனர், போர் செய்தனர், சமயம் பரப்பினர், சில இடங்களில் ஆட்சியும் செய்தனர். நான் பிறந்த நாகப்பட்டினமும் 1658ஆம் ஆண்டு டச்சுக்காரர் கைப்பற்றும் வரை அவர்கள் வசம் இருந்த ஊரே. அவர்கள் சென்றுவிட்டனர். சாவியும் ஜன்னலும் மேசையும் அலமாரியும் நம் வீடுகளிலேயே தங்கிவிட்டன.

3. ஓடுகளில் ஓர் அரண்மனை

மறுநாள் காலை சாந்தா லூசியா என்னும் காட்சிமேடைக்கு நடந்து சென்றோம். குன்றுகளின் விளிம்பில் இத்தகைய காட்சிமேடைகள் இந்நகரில் பல உள்ளன. மாலை வேளைகளில் ஊர்மக்களும் அங்கு வந்து அமர்ந்து காற்று வாங்குகின்றனர். கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள் படிப்படியாக இறங்கின. அவற்றுக்கு அப்பால் தேஜோ ஆறு. நகருக்குக் கிழக்கே அந்த ஆறு மறுகரை தொலைவில் மங்கித் தெரியும் அளவுக்கு அகன்று கிடக்கிறது.

அருகிலிருந்த கோயிலின் வெளிச்சுவரில் நீலமும் வெள்ளையுமான ஓடுகளால் ஆன ஓவியங்கள் பதிக்கப்பட்டிருந்தன. வண்ணம் தீட்டிச் சூளையில் சுட்ட இவ்வகை ஓடுகள் போர்ச்சுக்கல் நாட்டின் சிறப்புக் கலை. ஓர் ஓவியத்தில் ஆற்றங்கரையை ஒட்டிப் பெரிய முற்றமும், அதன் ஓரத்தில் அரண்மனையும், கரையில் கப்பல்களும் காணப்பட்டன.

என் மகள் ஓவியத்தையும் கீழே தெரிந்த நகரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, இந்த அரண்மனை எங்கே? கீழே அப்படி ஒன்றும் தெரியவில்லையே?" என்று கேட்டாள்.

"இப்போது இல்லை. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காலை வரை இருந்தது" என்றேன்.

4. ஆற்றங்கரைப் படிகள்

படிகள் வழியாக இறங்கி, பைஷா என்னும் தாழ்ந்த பகுதியை அடைந்தோம். மேலே இருந்த தெருக்களுக்கும் இங்குள்ள தெருக்களுக்கும் தொடர்பே இல்லை. இங்கு அவை சதுரங்கப் பலகைபோல் நேர்நேராக ஓடுகின்றன. பொற்கொல்லர் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு எனத் தொழில்களின் பெயர்களை அவை தாங்கியுள்ளன. நடுத்தெரு ஒரு பெரிய வளைவு வாயிலில் முடிகிறது. வாயிலைக் கடந்தால், மூன்று புறமும் மஞ்சள் நிறக் கட்டடங்கள் சூழ்ந்த வணிகச் சதுக்கம். நான்காம் புறத்தில் ஆறு. ஓட்டு ஓவியத்தில் கண்ட முற்றம் இதுவே.

சதுக்கத்தின் ஓரத்தில் இரண்டு கல்தூண்களுக்கு இடையே அகன்ற படிகள் ஆற்றுக்குள் இறங்குகின்றன. பயணிகள் பலர் அங்கு நின்று நீரில் கால் நனைத்தனர். என் மகளும் ஓடினாள். நான் மேல்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏன் அம்மா, வரவில்லையா?" என்று திரும்பிக் கேட்டாள்.

"நீ போய் வா" என்றேன். பிறகு அவளை அருகில் அமர்த்தி, அந்த இடத்தில் நடந்ததைச் சொன்னேன்.

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்குமேல், கோயில்களில் கூட்டம் நிரம்பியிருந்த வேளையில் நிலம் நடுங்கியது. அட்லாண்டிக் கடலடியில் தோன்றிய அந்த நடுக்கம் அடுத்தடுத்துச் சில நிமிடங்கள் நீடித்தது. கல் கட்டடங்கள் சரிந்தன. தப்பியவர்கள் இடிபாடுகளை விட்டு விலகி, திறந்த வெளியைத் தேடி இந்த ஆற்றங்கரைக்கு ஓடி வந்தனர். நீர் பின்வாங்கி, ஆற்றின் அடித்தரை வெளியே தெரிந்தது. மக்கள் வியந்து பார்த்துக்கொண்டிருந்தனர். நடுக்கம் ஓய்ந்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. கடல் பேரலையாக எழுந்து வந்தது. மேலும் இரண்டு அலைகள் அதனைத் தொடர்ந்தன. திருநாளுக்காக ஏற்றப்பட்டிருந்த மெழுகுவத்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ, நாள்கணக்கில் நகரை எரித்தது. அரண்மனையும், அதிலிருந்த நூலகமும், அவ்வாண்டுதான் திறக்கப்பட்டிருந்த இசை நாடக அரங்கும் அழிந்தன. பல்லாயிரம் மக்கள் மாண்டனர்.

என் மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நம் வீட்டுச் சுவரில் மாமாவின் படம் இருக்கிறதே, அம்மா. அதுவும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"இப்படித்தான்" என்றேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை. நாகப்பட்டினக் கரையில் முதல் அலை வந்து திரும்பியது. கடல் விலகிப் போனது. அஞ்சி ஓடியவர்களுள் பலர், எல்லாம் முடிந்தது என்றெண்ணிக் கரைக்குத் திரும்பினர். என் தாயின் தம்பி, தம் படகின் இயந்திரத்தை எடுத்து வருவதாகச் சொல்லி இறங்கினார். அடுத்த அலை வந்தது. 'சுனாமி' என்ற சொல்லைக்கூட அன்றுவரை எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை.

5. ஊர்தோறும் சென்ற கேள்விகள்

லிஸ்பன் வீழ்ந்தபோது, இது இறைவன் தந்த தண்டனை என்றனர் பலர். அழுது தொழுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கூறியோரும் இருந்தனர். நாட்டின் அமைச்சராக இருந்த செபாஸ்தியோ ஜோசே த கார்வால்யோ உடனடிப் பணிகளில் இறங்கினார். பிற்காலத்தில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. இறந்தோரை விரைந்து அடக்கம் செய்யவும், உணவு விலை ஏறாமல் தடுக்கவும், கொள்ளையரை ஒடுக்கவும் அவர் ஆணையிட்டார்.

அடுத்து அவர் செய்த செயலே என் மனத்தை மிகவும் ஈர்த்தது. 1756ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டின் எல்லாப் பங்குகளுக்கும் ஒரு வினாப்பட்டியல் அனுப்பப்பட்டது. நிலநடுக்கம் எந்த நேரத்தில் தொடங்கியது? எவ்வளவு நேரம் நீடித்தது? எத்திசையிலிருந்து அதிர்வு மிகுதியாக உணரப்பட்டது? எத்தனை வீடுகள் இடிந்தன? எத்தனை பேர் இறந்தனர்? ஊற்றுகளிலும் ஆறுகளிலும் என்ன மாற்றம் நேர்ந்தது? கடல் முதலில் எழுந்ததா, தாழ்ந்ததா? நிலம் பிளந்ததா? தீப்பிடித்ததா?

யார் செய்த பாவம் என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை. நடந்தது என்ன என்று மட்டும் கேட்டது. ஊர்தோறும் இருந்த பங்குக் குருமார்கள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி அனுப்பினர். அந்த விடைகள் போர்ச்சுக்கல் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. ஒரு நிலநடுக்கத்தைப் பற்றி நாடு முழுவதும் முறையாகத் தகவல் திரட்டிய முயற்சி என்பதால், நிலநடுக்க அறிவியலின் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. அதே 1756ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட், நிலநடுக்கத்திற்கு இயற்கையான காரணங்களைத் தேடி மூன்று கட்டுரைகள் எழுதினார்.

கடல் முதலில் எழுந்ததா, தாழ்ந்ததா? இந்த ஒரு கேள்வியை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். அதன் விடை எழுதப்பட்டு இருநூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும், அது எங்கள் கரைக்கு வந்து சேரவில்லை.

6. சுவருக்குள் ஒரு கூடு

பைஷாவின் தெருக்கள் நேராக இருப்பதன் காரணம் இப்போது என் மகளுக்கு விளங்கியது. முதுமையிலும் தளராத தலைமைப் பொறியாளர் மானுவல் த மாயா, நகரை எவ்வாறு மீட்பது என்று பல திட்டங்களை வகுத்து முன்வைத்தார். இடிபாடுகளை அகற்றி, முற்றிலும் புதிய தெருக்களை அமைக்கும் திட்டம் ஏற்கப்பட்டது. யூஜெனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்டெல் ஆகியோர் அதற்கு வடிவம் தந்தனர்.

குன்றின்மேல் உள்ள அல்ஃபாமாவின் பெரும்பகுதி, உறுதியான நிலத்தில் நின்றதால் அழிவிலிருந்து தப்பியது. பைஷாவோ ஆற்று வண்டல் படிந்த மென்மையான நிலம். எனவே அங்கு பைன் மரக் கம்பங்களை நிலத்துக்குள் அறைந்து, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தனர். சுவர்களுக்குள் மரச்சட்டங்களை நெடுக்காகவும் கிடையாகவும் பெருக்கல் குறிபோலக் குறுக்காகவும் இணைத்து, இடைவெளிகளைக் கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் நிரப்பினர். நிலம் அசையும்போது மரம் வளைந்து கொடுக்கும், கட்டடம் நொறுங்காது. இந்த அமைப்புக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் 'கயோலா' என்று பெயர். 'கூண்டு' என்பது அதன் பொருள். அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கச் செய்து, அந்த அதிர்வில் அது நிலைக்கிறதா என்று சோதித்ததாகவும் கூறுவர். தீ பரவாமல் இருக்க, வீடுகளுக்கு இடையிலான சுவர்களைக் கூரைக்கு மேலும் உயர்த்தினர்.

மரச்சட்டத்தால் சுவரைக் கட்டும் அறிவு நம் நாட்டிலும் உண்டு. காஷ்மீரத்தின் 'தஜ்ஜி தேவாரி' வீடுகள் அத்தகையவை. நிலநடுக்கம் மிகுந்த இடங்களில் வாழ்ந்த மக்கள், வெவ்வேறு மூலைகளிலிருந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

மன்னர் ஜோசேயின் குதிரைச் சிலை சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. நிலநடுக்கத்தின்போது அரச குடும்பம் நகருக்கு மேற்கே பெலேம் பகுதியில் இருந்ததால் உயிர் தப்பியது. எனினும் மன்னரின் அச்சம் நீங்கவில்லை. அதன்பின் கல் கட்டடத்தில் வாழ மனமின்றி, மேட்டு நிலத்தில் அமைத்த மர மாளிகையிலேயே அவர் வாழ்ந்தார். மேல்படியில் நின்ற எனக்கு, அந்த மன்னரின் அச்சம் நன்கு புரிந்தது.

7. கூரை இல்லாத கோயில்

மாலையில் கார்மோ குன்றுக்குச் சென்றோம். பைஷாவிலிருந்து அங்கு செல்ல, 1902ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நாற்பத்தைந்து மீட்டர் உயர இரும்புக் கோபுர மின்தூக்கி ஒன்று உள்ளது. வரிசை நீண்டிருந்ததால் நாங்கள் படிகளில் ஏறினோம்.

கார்மோ துறவுமடம் 1389ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1755இல் அதன் கோயிற் கூரை இடிந்து விழுந்தது. பிற்காலத்தில் மீண்டும் கட்டும் முயற்சி தொடங்கி, பாதியில் நின்றது. பின்னர் அதனை அப்படியே விட்டுவிட்டனர். உயர்ந்த தூண்களும் கூர்வளைவுகளும் விலா எலும்புகள்போல் நிற்கின்றன. அவற்றின்மேல் வானம் மட்டுமே. கீழே புல்தரை, புறாக்கள். 1864 முதல் அவ்விடம் தொல்பொருள் அருங்காட்சியகமாக உள்ளது.

"இவ்வளவு பெரிய நகரைக் கட்டியவர்களுக்கு இந்தக் கூரையைப் போட முடியாதா?" என்றாள் என் மகள்.

"போட்டிருந்தால் நீ இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாயா?" என்றேன்.

அவள் அண்ணாந்து நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8. பெலேமில் ஒரு காண்டாமிருகம்

இரண்டாம் நாளைப் பெலேம் பகுதிக்கு ஒதுக்கினோம். போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்ட கரை அது. அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயமும் பெலேம் கோபுரமும் 1983ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. மடாலயத்தின் கல்தூண்களில் கயிறுகளும் கொடிகளும் கடற்பொருள்களும் உயிர்ப்புடன் செதுக்கப்பட்டுள்ளன. கிழக்கு நாடுகளிலிருந்து வந்த நறுமணப் பொருள்களின் வணிகத்தில் விதித்த வரி, இதனைக் கட்டப் பயன்பட்டது. நம் மலைச்சரிவுகளில் விளைந்த மிளகும் அந்தக் கற்களுக்குள் இருக்கிறது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் இங்குதான் உள்ளது. அந்த வணிகத்தின் பின்னே இருந்த போர்களையும் கொடுமைகளையும் அந்த அழகிய தூண்கள் சொல்லவில்லை. அவற்றை வரலாற்று நூல்களில்தான் படித்தறிய வேண்டும்.

ஆற்றோரம் நிற்கும் பெலேம் கோபுரத்தின் ஒரு காவற்கூண்டுக்கு அடியில் காண்டாமிருகத்தின் சிற்பம் ஒன்று உள்ளது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் அளித்த காண்டாமிருகம் 1515ஆம் ஆண்டு மே மாதம் கப்பலில் லிஸ்பன் வந்து சேர்ந்தது. அதனை நேரில் காணாமலே, பிறர் அனுப்பிய குறிப்பையும் படத்தையும் கொண்டு ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் தூரர் புகழ்பெற்ற ஓர் ஓவியம் வரைந்தார். காண்டாமிருகமோ, அடுத்த ஆண்டு போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பப்பட்டபோது, இத்தாலிக் கடற்கரையில் கப்பல் கவிழ்ந்து இறந்தது.

தமிழுக்கும் இந்நகருக்கும் மற்றோர் உறவும் உண்டு. 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் 'கார்த்தில்யா' என்னும் கிறித்தவச் சமயக் கையேடு அச்சிடப்பட்டது. அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்துகளில், போர்ச்சுக்கீசியப் பொருளுடன் அச்சாகியுள்ளன. இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழ் என்னும் பெருமைக்குச் சான்றாக விளங்கும் நூல் அது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டது. நம் ஊர்ச் சொற்கள் இந்த நகரின் அச்சுக்கூடத்தில் மை பூசிக்கொண்டன என்று எண்ணியபோது, முதல் நாள் அந்நியமாகத் தெரிந்த தெருக்கள் சற்றே நெருங்கி வந்தன.

9. மகள் எழுதிய பட்டியல்

புறப்படும் முன், நகரின் உயரமான காட்சிமேடைகளுள் ஒன்றான செஞோரா டோ மோன்டிக்கு ஏறினோம். கோட்டை, கார்மோவின் கூரையற்ற வளைவுகள், நேரான தெருக்கள், ஆறு ஆகிய எல்லாம் ஒரே பார்வையில் அடங்கின. என் மகள் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதுகிறாய்?" என்றேன்.

"கேள்விகள் அம்மா. ஊருக்குப் போனதும் பாட்டியிடம் கேட்க வேண்டும். அலை எத்தனை மணிக்கு வந்தது? எத்தனை முறை வந்தது? கடல் முதலில் எழுந்ததா, தாழ்ந்ததா? நீர் எந்த வீடுவரை வந்தது? யார் எந்தப் பக்கம் ஓடித் தப்பினார்கள்?" என்றாள்.

ஜூன் மாதத்தில் நாகப்பட்டினம் சென்றோம். தம்பி மறைந்த நாள் முதல் என் தாய் அந்தக் காலையைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை, கேட்டால் அவர் வருந்துவார் என்று எண்ணினோம். பேத்தி தன் குறிப்பேட்டை விரித்து அருகில் அமர்ந்தாள். என் தாய் முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொன்னார். இரண்டாம் கேள்விக்கு ஒரு தொடரில் சொன்னார். நீர் எந்த வீடுவரை வந்தது என்று கேட்டபோது, எழுந்து வாசலுக்கு வந்து கைநீட்டிக் காட்டினார். கடைசிக் கேள்விக்கு விடை சொல்லும்போது தம் தம்பியின் பெயரைச் சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் வாயால் அப்பெயரை அன்றுதான் கேட்டேன்.

என் மகள் தலைநிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

தெரிந்து தெளிவோம்

* கடலோரத்தில் நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக விலகினாலோ உயர்ந்த இடத்திற்கு உடனே செல்ல வேண்டும். எல்லா இடங்களிலும் கடல் முதலில் உள்வாங்கும் என்பதில்லை. சில இடங்களில் அலையே முதலில் வரும். ஓர் அலையோடு ஆபத்து முடிவதுமில்லை. அறிவிப்பு வரும்வரை கரைக்குத் திரும்பக் கூடாது.
* 2004இல் தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடலில் தோன்றிய அறிகுறிகளைக் கண்டு எச்சரித்தாள். கடற்கரையில் இருந்தோர் உயிர் தப்பினர். சில நாள்களுக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் அவள் அப்பாடத்தைக் கற்றிருந்தாள்.
* இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கி வருகிறது.

சொல்லும் பொருளும்

விளிம்பு – ஓரம்
மூதாட்டி – முதிய பெண்மணி
பேழை – பெட்டி
பங்கு – கிறித்தவக் கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி
வண்டல் – நீர் கொண்டுவந்து சேர்க்கும் மென்மண்
அண்ணாந்து – தலையை மேலே உயர்த்தி

மொழியை ஆள்வோம்: திசைச்சொற்கள்

வடமொழி தவிர்த்த பிற மொழிகளிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொற்கள் திசைச்சொற்கள் எனப்படும். போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவை சில: சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பாதிரி, ஏலம், அன்னாசி, பீப்பாய்.

1. 'சாவி', 'ஜன்னல்' ஆகியவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களை எழுதுக.
2. மேலே உள்ள திசைச்சொற்களுள் நான்கினைத் தேர்ந்து சொற்றொடரில் அமைக்க.
3. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் இச்சொற்களுள் எவையேனும் வழங்குகின்றனவா எனக் கண்டறிந்து எழுதுக.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கம் ஏற்பட்ட ஆண்டு
(அ) 1498 (ஆ) 1554 (இ) 1755 (ஈ) 1864

2. 'கயோலா' என்பதன் பொருள்
(அ) கோட்டை (ஆ) கூண்டு (இ) படி (ஈ) ஓடு

ஆ. குறுவினா

1. லிஸ்பன் நகரில் சிறிய டிராம் வண்டிகளே இன்றும் ஓடுவதற்குக் காரணம் யாது?
2. அல்ஃபாமாவின் பெரும்பகுதி தப்பியது ஏன்?
3. 1554ஆம் ஆண்டு தமிழ் வரலாற்றில் பெறும் சிறப்பு யாது?

இ. சிறுவினா

1. பைஷா பகுதி மீண்டும் கட்டப்பட்ட முறையை விளக்குக.
2. "போட்டிருந்தால் நீ இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாயா?" – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

ஈ. நெடுவினா

1. துன்பம் நேர்ந்தபின் கேட்கப்படும் கேள்விகள் பிறரைக் காக்கும் என்பதைப் பாடத்தின் வழி நிறுவுக.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு போன்ற இடர் ஒன்றை நேரில் கண்ட முதியவரைச் சந்தியுங்கள். ஐந்து கேள்விகள் கொண்ட பட்டியலை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் விடைகளை மாற்றாமல், நாள், நேரம், இடம் ஆகியவற்றுடன் பதிவுசெய்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.